மைலேஜ் நோட்டுப் புராணம்

பெட்ரோல் பங்கில் டேங்க் ஃபுல் பண்ணினதும், டேஷ்போர்டுக்குள்ள கிடக்கற 40 பக்க நோட்டை எடுத்து தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூணையும் எழுதிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவேன். பின்னாடி நிக்கறவர் ஹாரன் அடிப்பார். தங்கமணி, "நீங்க மளிகைக்கடையில கணக்கெழுதப் போயிருக்கலாம்" என்பார். இந்த அல்ப வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்குன்னு படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது :-) அதான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. டேங்க் ஃபுல், ட்ரிப் மீட்டர் ஜீரோ. அடுத்த முறை மறுபடி ஃபுல் பண்ணும்போது எத்தனை லிட்டர் உள்ளே போகிறதோ, அதுதான் இடையில் எரிந்தது. 412 கிலோமீட்டருக்கு 27.4 லிட்டர் என்றால் லிட்டருக்கு 15 சொச்சம். அவ்வளவுதான்.

"பம்ப் ஒருநாள் சீக்கிரம் கட் ஆகும், ஒருநாள் லேட்டா கட் ஆகும், அப்புறம் என்ன கணக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் முன்னே பின்னே போனால் அந்த 15 பதினாலரை ஆயிடும். ஆனால் இன்னைக்குக் குறைவாகப் போனது அடுத்த தடவை கூடுதலாக உள்ளே போய்விடும். அதனால் பத்து தடவை நிரப்பினதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், நடுவில் உள்ள பிழையெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், முதல் ஃபில்லும் கடைசி ஃபில்லும்தான் பாக்கி. 274 லிட்டரில் ஒரு லிட்டர் தப்பு அரை சதவீதம் கூட இல்லை. ஒரு தடவை எழுதினா வதந்தி, ஒரு வருஷம் எழுதினா ஆதாரம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

இப்ப சரித்திரம். மைலேஜ் எண்ணை விளம்பரமாக்கினதில் அமெரிக்கர்கள் முன்னோடிகள். 1936ல் கலிஃபோர்னியாவில் கில்மோர் என்ற எண்ணெய் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யோசெமிட்டி வரை ஒரு மைலேஜ் போட்டி நடத்தியது. பிறகு மொபில் கம்பெனி அதை எடுத்துக்கொள்ள, உலகப்போர் காலம் போக 1968 வரை நடந்தது. வண்டிக்குள் கண்காணிப்பாளர் உட்கார்ந்து வருவார், ஏமாற்ற முடியாது. ஆனால் ஓட்டினவங்க ஆக்ஸிலரேட்டரைப் பூ மாதிரி தொடும் கில்லாடிகள். அந்த எண் உங்களுக்கும் எனக்கும் வராது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை கிட்டத்தட்ட நாலு மடங்கானது. அமெரிக்காவில் பங்குகளில் நீள க்யூ. 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், புது காரில் மைலேஜ் ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கியது. 1985க்குள் ஒவ்வொரு கம்பெனியின் கார்களும் சராசரியாக கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர் கொடுக்கணும் என்றும் சொன்னது.

ஸ்டிக்கர் எண் வந்தது சாலையிலிருந்து இல்லை, ஆய்வகத்து உருளை மேல் நின்ற இடத்தில் ஓடின காரிலிருந்து. சனங்க வாங்கி ஓட்டிப் பார்த்தா வரலை. புலம்பல் வலுத்து, 1985 மாடல்களிலிருந்து ஸ்டிக்கரில் நகர எண்ணை 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணை 22 சதவீதமும் குறைத்துப் போட ஆரம்பித்தார்கள். 2008 மாடல்களிலிருந்து வேகமான ஓட்டம், ஏ.சி, கடுங்குளிர் எல்லாம் சோதனைக்குள் வந்தன. அதுக்கப்புறமும் 2012ல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜைக் கூட்டிச் சொல்லியிருந்தது அம்பலமானது. அரசு சோதித்துப் பார்க்கக் காரணம், "ஸ்டிக்கர்ல போட்டது வரலை" என்று வந்த வாடிக்கையாளர் புகார்கள். 2014ல் 10 கோடி டாலர் அபராதம்.

அமெரிக்காவிலாவது ஸ்டிக்கரை இறக்கினாங்க. ஐரோப்பாவில் நடந்தது நேர் எதிர். அங்கே என்.இ.டி.சி என்ற சோதனை இருந்தது. மொத்தம் 1180 வினாடி, 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34க்குள். அதில் ஒரு கட்டத்தில் ஜீரோவிலிருந்து 50ஐத் தொட 26 வினாடி! நம்மூர் டவுன் பஸ்ஸே முந்திடும் :-) ஏ.சி கிடையாது. பேட்டரியை முன்கூட்டியே முழுசா சார்ஜ் பண்ணிக்கலாம். போதாததுக்கு, அளந்ததைவிட 4 சதவீதம் வரை குறைவான எண்ணைக் கம்பெனி அறிவிக்கவும் அனுமதி.

2000க்குப் பிறகு பல நாடுகளில் கார் வரியே இந்த எண்ணை வைத்துத்தான். 2009ல் கம்பெனிகளுக்குக் கார்பன் இலக்கும் வந்தது. அதாவது காகிதத்தில் எண் குறைந்தால் கம்பெனிக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் வரி மிச்சம். எண் குறைந்துகொண்டே போனது. எரிஞ்ச பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையலை.

இதைப் பிடித்தது எப்படி? இங்கதான் நம்ம நோட்டு ஹீரோவாகிறது. ஜெர்மனியில் ஷ்ப்ரிட்மோனிட்டர் என்ற தளத்தில் கார்க்காரர்கள் பங்கில் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் லிட்டரையும் கிலோமீட்டரையும் பதிந்து வந்தார்கள். ஐ.சி.சி.டி என்ற ஆய்வு அமைப்பு இந்தப் பதிவுகளையும், கம்பெனிக் கார்களுக்குக் கொடுத்த பெட்ரோல் அட்டைகளின் கணக்கையும் இன்னும் சிலவற்றையும் சேர்த்து, ஏழு நாடுகளில் சுமார் 10 லட்சம் கார்களை அலசியது. அறிவித்த எண்ணைவிட நிஜத்தில் எரிந்தது 2001ல் சுமார் 9 சதவீதம் அதிகம். 2015ல் 42 சதவீதம்!

லிட்டருக்கு 20 என்று சொல்லி விற்ற கார் நிஜத்தில் 14 தான் என்று அர்த்தம். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 750 லிட்டர் ஆகவேண்டிய இடத்தில் 1065. கூடுதல் 315 லிட்டர் யார் பாக்கெட்டிலிருந்து?

"கணக்கெழுதறவன் எல்லாம் புலம்பல் கேஸ்" என்று மடக்கலாம். ஆனால் புலம்பல் கேஸ் 2001லும் புலம்பியிருப்பார்தானே? அதே மாதிரி ஆட்கள், அதே மாதிரி நோட்டு. 9 எப்படி 42 ஆச்சு? தவிர, கார்டைத் தேய்த்துவிட்டுப் போகிற, கணக்கே எழுதாத ஆபீஸ்காரர்களின் தரவும் இதையேதான் சொன்னது.

2017 செப்டம்பரிலிருந்து அந்தச் சோதனையை மாற்றி, 30 நிமிடம், 23 கிலோமீட்டர், 131 வரை வேகம் என்று டபிள்யூ.எல்.டி.பி வந்தது. 2021லிருந்து ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்கள் எரிச்ச எரிபொருளைத் தாங்களே பதிவு பண்ணியாகணும். அந்தத் தரவை வைத்து 2024ல் ஐரோப்பிய ஆணையம் அறிக்கை போட்டது. பெட்ரோல், டீசல் கார்களில் இடைவெளி சுமார் 20 சதவீதம். ப்ளக்-இன் ஹைப்ரிடில் அறிவித்ததைப்போல மூன்றரை மடங்கு! சார்ஜ் போட்டு ஓட்டுவாங்க என்று நம்பி எண் போட்டிருக்காங்க, சனங்க பெட்ரோலைப் போட்டு ஓட்டியிருக்காங்க.

நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம்மூர் விளம்பரங்களில் பல வருஷமாக "ஏ.ஆர்.ஏ.ஐ சான்றளித்த மைலேஜ்" என்று போட்டதெல்லாம் இதே என்.இ.டி.சியின் தம்பியில் அளந்தது. உச்ச வேகத்தை 120லிருந்து 90ஆக இறக்கினதுதான் பெரிய வித்தியாசம்.

காரே எழுதிக்கும்போது நோட்டு எதுக்கு என்று தங்கமணி கேட்டாச்சு. டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் எண்ணும் கார் செய்தவரே போட்ட கணக்குதானே. பங்க் பில்லும் ட்ரிப் மீட்டரும் வைத்து நான் போடுவது என் கணக்கு. ரெண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகலைன்னா அதைக் கண்டுபிடிக்கவாவது ஒரு நோட்டு வேணுமில்லையா? நிபுணர்கள் கட்டின எண்ணை அசைத்துப் பார்த்தது, பின்னாடி ஹாரன் அடிக்க அடிக்க யாரோ எழுதி வச்ச ரெண்டு எண்கள்தான்.

அடுத்த தடவை பங்கில் யாராவது நோட்டும் பேனாவுமாக நின்னா, ஒரு அரை நிமிஷம் ஹாரன் அடிக்காம இருங்க மக்களே. நானாகவும் இருக்கலாம் :-)