ஏழு கன்னிமலை விபத்தும் வான்வழிக் கட்டுப்பாடும்

இலங்கையின் மத்திய மலைத்தொகுதி மேற்கே சரிந்து சப்பிரகமுவத் தாழ்நிலங்களோடு சேருமிடத்தில், மஸ்கெலியாவுக்கும் நோர்ட்டன் பிரிட்ஜுக்கும் அண்மையாக, ஏழு கன்னிமலை என்னும் முகட்டு வரிசை நிற்கின்றது. அதன் ஒருபுறம் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்கள்; மறுபுறம், ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பற்றி இறங்கினால், கித்துல்கல, எட்டியாந்தோட்டை எனக் கேகாலை மாவட்டத்துத் தோட்டங்கள் தொடர்கின்றன. 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு பத்து மணி கடந்த வேளையில், ஒல்லாந்தின் மார்ட்டின்எயர் நிறுவனத்துக்குரிய டிசி-8 விமானமொன்று இம்மலையில் மோதிச் சிதறியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் ஒன்பதின்மரும் அதில் இருந்தனர். ஒருவரும் பிழைக்கவில்லை.

அவ்விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதாக இருந்தது. விபத்துக்குச் சற்று முன் விமானிகள், தாம் விமான நிலையத்துக்குக் கிழக்கே 14 மைல் தொலைவில் இருப்பதாக அறிவித்தனர். கொழும்பின் அணுகுமுறைக் கட்டுப்பாட்டாளர் 2,000 அடிக்கு இறங்க அனுமதி வழங்கி, ஓடுபாதை கண்ணிற் பட்டதும் அறிவிக்குமாறு கூறினார். பதினான்கு மைலில் நிலம் சமதரையாதலால், அவ்வனுமதியிற் குற்றங் காண இயலாது. ஆனால் விமானம் மோதிய இடமோ கட்டுநாயக்காவிலிருந்து ஏறத்தாழ 40 கடல்மைல் கிழக்கே உள்ளது. எட்டியாந்தோட்டையைக் கடந்துவிட்டதாக எண்ணியவர்கள், உண்மையில் அவ்வூரை எட்டவேயில்லை. மோதிய உயரம் சுமார் 4,355 அடி.

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? விசாரணையின் முடிபு, விமானிகள் தம் இருப்பிடத்தைத் தவறாக அடையாளங் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர் என்பதாகும். விமானத்திலிருந்த டொப்ளர்க் கருவியிலும் வானிலை றாடாரிலும் தங்கியிருந்தமை பிழையான பொருள்கோளுக்கு இடமளித்தது என்றும் அது கருதியது. டொப்ளர் முறையில், விமானம் கீழ்நோக்கி அனுப்பும் வானொலி அலைகள் திரும்பி வருங்கால் ஏற்படும் அதிர்வெண் மாற்றத்திலிருந்து தரைவேகம் கணிக்கப்படும். அதனின்று கடந்த தூரம் கூட்டிப் பெறப்படும். எனவே, பயணம் நீளுந்தோறும் பிழையும் வளர்ந்து செல்லும். சுரபாயாவிலிருந்து கொழும்புக்கு 2,000 கடல்மைலுக்கு மேற்பட்ட வழி, பெரும்பகுதி கடல். அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் பிழைத்தாலும் நாற்பது மைல் ஆகிவிடும். சப்பிரகமுவ எல்லையில் நாற்பது மைல் என்பது சமவெளிக்கும் மலைமுகட்டுக்கும் உள்ள வேற்றுமையன்றோ!

கட்டுப்பாட்டாளர் பொறுப்பு எதுவரை செல்லும் என்ற வினா ஈண்டு எழுகின்றது. பொதுமக்கள் பலர், வானத்தில் நிகழும் யாவற்றையும் அவர் கண்டுகொண்டிருப்பதாக எண்ணுகின்றனர். சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளோ வேறு. ஒரு விமானத்துக்கும் மற்றொரு விமானத்துக்கும் இடையே உரிய இடைவெளியைப் பேணுதல் கட்டுப்பாட்டாளர் கடமை. மலையிலிருந்து விலகியிருத்தல், அவர் றாடார் வழியாகத் திசை கொடுத்து நடத்தும் வேளைகள் தவிர, விமானியின் கடமை. விமானி கூறும் இடத்தை உண்மையெனக் கொண்டு அடுத்த கட்டளை வழங்குவதே றாடாரின்றி இயங்கும் கட்டுப்பாட்டு முறையின் அடிப்படை. அம்முறையில் ஒரு பொய்யான எண் உட்புகுந்தால், அதனைத் தடுக்கும் இரண்டாவது கண் இல்லை. சட்டப்படி எவரும் தவறாத இடத்திலும் 191 உயிர்கள் அழியலாம் என்பதே இவ்விபத்தின் கொடுமை.

மூன்று நாட்களுக்கு முன்னர், டிசெம்பர் 1ஆந் திகதி, அமெரிக்கத் தலைநகருக்கு அணித்தான மலையொன்றில் டிடபிள்யூஏ நிறுவன விமானமொன்று மோதி 92 பேர் மாண்டிருந்தனர். அங்கும் இறங்கும் அனுமதியை விமானியும் கட்டுப்பாட்டாளரும் வெவ்வேறாகப் பொருள் கொண்டதே வினையாயிற்று. அதன்பின் அமெரிக்க அரசு, நிலம் நெருங்குவதை ஒலியெழுப்பி உணர்த்தும் கருவியைப் பெரிய விமானங்களிற் கட்டாயமாக்கியது.

கட்டுப்பாட்டாளருக்கே உரிய பிழைகள் வேறு வகையின. 1976 செப்டெம்பர் 10இல் சாகிரெப் நகருக்கு அண்மையில், ஒரே உயரத்தில் இரு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தனர். பணிச்சுமை மிகுந்த நிலையத்தில் ஒரேயொரு கட்டுப்பாட்டாளர் மட்டும் சிறைத்தண்டனை பெற்றார். சகதொழிலாளரின் முறையீட்டின் பின்னரே விடுவிக்கப்பட்டார். இந்தியாவில் 1996 நவம்பர் 12இல் சர்க்கி தாத்ரி வானில் 349 பேர் மாண்ட மோதலிலோ, கட்டுப்பாட்டாளர் ஆயிரம் அடி இடைவெளியைச் சரிவரக் கொடுத்திருந்தார். கசாக் விமானம் தனக்குரிய 15,000 அடியில் நில்லாது சவூதி விமானத்தின் 14,000 அடிக்கு இறங்கிவிட்டது.

இலங்கையிலும் இரண்டாவது விபத்து நெடுநாள் தாமதிக்கவில்லை. 1978 நவம்பர் 15ஆந் திகதி இரவு, ஹஜ் முடித்துச் சுரபாயா திரும்பிக்கொண்டிருந்தோரை ஏற்றிய ஐஸ்லாந்து விமானம் கட்டுநாயக்கா ஓடுபாதையை எட்டுமுன் தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். இம்முறை கட்டுப்பாட்டாளர் றாடாரைப் பார்த்தே வழிநடத்தினார். இலங்கை விசாரணையாளர், விமானிகள் இறங்கும் நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றனர். ஐஸ்லாந்து விசாரணையாளரோ, தரைக் கருவியின் பராமரிப்புக் குறையையும் கட்டுப்பாட்டாளரின் தவறுகளையும் காரணங் காட்டினர். இரு தரப்பும் தத்தம் நாட்டினரைக் காத்துக்கொண்டன என்று கருத இடமுண்டு.

1974 மலையகத் தோட்டங்களிற் பட்டினி மலிந்த ஆண்டுமாகும். உணவுப் பற்றாக்குறையால் தொழிலாளர் மடிந்த அக்காலத்திலேயே, தூரதேசத்து யாத்திரிகரின் உடல்களும் அம்மலைச் சாரலில் வீழ்ந்தன. யாத்திரிகருக்கு நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னம் எழுந்தது.