யாருடைய விருப்பம்? இளம்பெண்களும் கருத்தடைச் சேவையும்

1938 நவம்பர் 10 அன்று, கருத்தடை வசதிகளை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்னும் தீர்மானம் அம்பேத்கரின் சார்பில் பம்பாய் சட்டமன்றத்தில் பி. ஜே. ரோஹமால் முன்வைக்கப்பட்டது. எக்காரணத்தாலேனும் பிள்ளைபெற விரும்பாத பெண் கருத்தரிப்பைத் தடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். அது முற்றிலும் அவளது விருப்பத்தைச் சார்ந்தது என அந்த உரை வாதிட்டது. தீர்மானம் தோற்றது. நாட்டின் வறுமையைக் குறைப்பதற்காக அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே கருத்தடை வேண்டும் எனப் பெரியார் தமிழ்நாட்டில் பேசிவந்த காலமும் அதுவே.

1952இல் இந்திய அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் இவ்விருவரின் பாதையில் செல்லவில்லை. பெண்ணின் விருப்பம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மக்கள்தொகைக் கணக்கு அமர்ந்தது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களுள் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் இந்திய அளவில் 37.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.8 விழுக்காடு. ஆண்களுக்கான அறுவைச் சிகிச்சையோ இந்திய அளவில் 0.3 விழுக்காடுதான். அது எளிதானது, பாதுகாப்பானது என்று மருத்துவம் எத்தனை முறை சொன்னாலும் சுமை பெண்ணுடலின் மீதே விழுகிறது.

எந்தப் பெண்ணுடல் என்பது அடுத்த கேள்வி. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்பாட்டில் இல்லாத மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில், சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பிலாஸ்பூர் முகாம்களுக்குச் சென்று உயிரிழந்த பத்துக்கும் மேற்பட்ட பெண்களுள் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஏழைகள். தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு ஆணையிட்டது.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய ஆண்டுகளே இளம்பெண்ணின் உண்மையான தேவைக்காலம்: முதல் கருவைத் தள்ளிப்போடுதல், இரு பேறுகளுக்கிடையே இடைவெளி விடுதல். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடப்படும் அந்தரா ஊசி, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை ஆகியவை 2017 முதல் அரசு மருத்துவத் துறையின் பட்டியலில் உள்ளன. காப்பர் டி, ஆணுறை, அன்றாட மாத்திரை முன்பே உண்டு. எல்லாம் இலவசம். ஆயினும் பிரசவ வலியின் நடுவே காப்பர் டி குறித்துக் கேட்டுப் பெறும் தலையசைப்பை ஒப்புதல் எனக் கொள்ள முடியாது. ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், தன் குடும்பத்தை அறிந்தவர்களின் முன்னால் ஆணுறை கேட்க மணமாகாத பெண் எப்படித் துணிவாள்? மருத்துவச் சீட்டின்றி விற்க நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அவசரக் கருத்தடை மாத்திரைகூடத் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல்லாண்டுகளாக அரிதாகவே கிடைத்துவந்தது.

சட்டம் இப்போது சற்று முன்னே நிற்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கருத்தடை தவறியதால் உண்டான கருவை 20 வாரம் வரை கலைக்கும் உரிமை மணமாகாத பெண்ணுக்கும் உண்டு. 18 வயது நிறைந்தவருக்கு அவரது ஒப்புதல் மட்டுமே போதும். கணவரின் கையொப்பத்தையோ பெற்றோரின் கையொப்பத்தையோ கேட்க எந்த மருத்துவமனைக்கும் சட்டத்தில் இடமில்லை.