மட்டக்களப்பு வயல்களில் நீர் அளந்த முறைகள்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், அது படும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். படுவான்கரை குளங்களை நம்பிய நெல்வயல்களால் ஆனது. எழுவான்கரையோ வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த மணற்பாங்கு. கிணற்று நீரால் தோட்டம் செழிக்கும் பூமி. மண் வேறாயினும் இரு கரை உழவர்க்கும் கேள்வி ஒன்றே: எவ்வளவு நீர், எப்பொழுது, யார் சொற்படி?

பண்டு இக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு வட்டை விதானையிடம் இருந்தது. வட்டை என்பது ஒருசேரக் கிடக்கும் வயல்நிலத் தொகுதி. எந்நாளில் வேலியடைப்பது, எந்நாளில் விதைப்பது, எவ்வாய்க்காலுக்கு எத்தனை பொழுது நீர் விடுவது என்பனவற்றை மேற்பார்த்தவர் அவரே. அவர் கையில் கருவி ஏதுமில்லை. வரவையில் நிற்கும் நீரின் உயரம், மண்ணில் விழும் வெடிப்பு, காலடியில் புதையும் சேறு ஆகியவையே அவருடைய அளவைகள். எனினும் அவர் விதித்த முறையை அயல் வயற்காரர் ஏற்றனர். ஏற்காதவன் வக்கடையை இரவில் வெட்டினால், மறுநாள் ஊர் நடுவே விடை கூற வேண்டியிருந்தது.

1832 ஆம் ஆண்டு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை ஒழிக்கப்பட்டபின், குளக்கட்டுகளைப் பேணிய பழைய ஒழுங்கு பல இடங்களில் தளர்ந்தது. 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ஹென்றி வார்ட் இதனைக் கண்டார். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம், வயல்நிலம் பற்றிய பண்டை வழக்கங்களைக் கமக்காரரின் சம்மதத்தோடு மீண்டும் நடைமுறைக்குக் கொணர வழி செய்தது. இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்கள் அவர் காலத்து முயற்சியால் திருத்தம் பெற்றன. அன்று மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதிகள் 1961 முதல் அம்பாறை மாவட்டத்தில் அடங்கும்.

அடுத்த பெருமாற்றம் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தோடு வந்தது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் அவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்து, மொறிசன் நுட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் அணை கட்டியது. அங்கு உருவான சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து இடதுகரை வாய்க்கால் பல மைல் தூரம் நீர் சுமந்து சென்றது. நீரை அளக்கும் அதிகாரம் பொறியியலாளர் கைக்குச் சென்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமோ விதானை முறைக்குப் பதிலாகப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. எனினும் வட்டை விதானை என்னும் பெயர் கிழக்கில் மறையவில்லை.

ஏட்டிலே அளவு திருத்தமாயிருந்தது. கடைமடையிலே நீர் இல்லை. காலப்போக்கில் கதவுகள் பழுதடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. தலைமடையில் இருந்தோர் வேண்டிய மட்டும் எடுக்க, கடைமடையில் இருந்தோர் காத்திருந்தனர். தலைமடையிற் பெரும்பான்மையோர் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடையில் தமிழ் விவசாயிகள் பலர் இருந்தனர். ஆகவே நீர்க்குறை இனக்குறையாகவும் மாறக்கூடிய நிலை நிலவியது.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக இடதுகரை வயல்களுக்கு அனுப்பின. அவ்வாண்டுச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் கால்பங்கு நீரே இருந்தது. சண்டை மூளும் என்று பலரும் எதிர்பார்த்திருப்பர். நடந்ததோ வேறு. வாய்க்கால் தோறும் உழவர் சிறு குழுக்களாகக் கூடினர், தூர் வாரினர், முறை வைத்து நீர் பாய்ச்சினர், மிச்சம் பிடித்த நீரைக் கீழே இருந்தோர்க்கு விட்டனர். அணையில் நீர் ஒரு சொட்டும் கூடவில்லை, உடன்பாடு கூடியது. பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதனைப் பின்னர் நூலாக எழுதி உலகறியச் செய்தார்.

இன்று மண்ணின் ஈரத்தை அளக்கக் கருவிகள் வந்துள்ளன. நுண்துளைச் சுடுமண் முனையுடைய ஒரு குழாயில் நீர் நிரப்பி நிலத்தில் நட்டால், மண் உலர உலர அது குழாயின் நீரை உறிஞ்சும். அந்த இழுவையை மேலுள்ள மானி காட்டும். மற்றொரு வகை மின்னியல்பைக் கொண்டு அளப்பது. மின்கடத்தாப் பண்பில் நீரின் எண் ஏறத்தாழ 80. உலர்ந்த மண்ணின் எண் 3 முதல் 5 வரை. இவ்வேற்றுமையே ஈரத்தைக் காட்டிக் கொடுக்கிறது. அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பவும், நீரிறைக்கும் இயந்திரத்தைத் தானே நிறுத்தவும் இன்று இயலும்.

எழுவான்கரைத் தோட்டங்களுக்கு இது பெரும் பயன் தரவல்லது. மணல் நீரைப் பிடித்து வைக்காது. மிகுதியாக இறைத்தால் நீரோடு பசளையும் கீழிறங்கிக் கிணற்றையே கெடுக்கும். மேலும், அங்கு நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படலமாகவே உள்ளது. அளவு மீறி இறைத்தால் உவர் மேலேறும். அயலவன் கிணறும் அதே படலத்தில்தான் ஊறுகிறது.

படுவான்கரை நெல்லுக்கோ எளிய கருவியே போதும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறைப்படி, துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்றிமீற்றர் கீழே இறங்கும் வரை காத்திருந்து மீண்டும் பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். இதனால் நீர்ச்செலவு 30 வீதம் வரை குறையக்கூடும்.

ஆனால் மிச்சமாகும் அந்நீர் யாருக்கு என்பதைக் குழாய் கூறாது, மின்கருவியும் கூறாது. போகத்தின் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே அது தீர்மானிக்கப்பட வேண்டும். தலைமடையான் கையில் மட்டும் கருவி இருந்தால், அது அவன் வயலையே காக்கும். அதன் அளவைக் கடைமடையானும் பார்த்து நம்பக்கூடிய நாளில்தான் வட்டை முழுவதும் பச்சை பிடிக்கும். விதானையின் கண்ணளவு வெற்றி பெற்றதும் அவர் கண்ணின் கூர்மையால் மட்டுமன்று. அவர் சொல்லை ஊர் ஏற்றமையாலுமாகும்.