விண்டோஸ் டு லினக்ஸ்: பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் நெல்லை வீடுகள் பலவற்றில், பீரோ மேலே ஓர் அரசு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கும். ஜங்ஷனிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கும் டி.டி.பி. கடைகளில் பத்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர்தான் இன்னமும் கல்யாணப் பத்திரிகையும் கோயில் கொடை நோட்டீஸும் அடித்துக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கெல்லாம் ஒரே சிக்கல்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 சிப்பும் புதிய பிராசஸரும் கேட்கும்.

'அப்போ புதுசு வாங்கணுமா?' அவசியமில்லை. லினக்ஸ் என்றொரு இலவச வழி இருக்கிறது.

இது நமக்குப் புதுசில்ல!

2011-ல் தமிழக அரசு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோதே, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் அது. பிளஸ் ஒன் 'கணினிப் பயன்பாடுகள்' புத்தகத்தில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீஸும் பாடமாகவே வந்தன. உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், கேட்டுப் பாருங்க.

விண்டோஸில் பழகியவர்களுக்கு 'லினக்ஸ் மின்ட்' சுலபம். ஸ்டார்ட் மெனு, டாஸ்க் பார் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். 4 ஜி.பி. ரேம் இருந்தால் நல்லது. 2 ஜி.பி.தான் என்றால், அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடுங்கள்.

முதலில் காப்பி, பிறகுதான் மாற்றம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை நாம் மறக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை. போட்டோ, பத்திரம், கணக்கு எல்லாவற்றையும் இரண்டு காப்பி எடுங்கள். அதில் ஒன்று வேறு வீட்டிலோ, ஆன்லைனிலோ இருக்கட்டும். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க்கை அழி' என்ற ஆப்ஷனைத் தட்டினால், விண்டோஸும் போகும், ஃபைல்களும் போகும்.

தமிழ் ஃபைல் வைத்திருக்கிறீர்களா? கவனம்!

பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைலுக்குள் உண்மையில் தமிழ் எழுத்து இருக்காது. ஆங்கில எழுத்துக்கு மேலே தமிழ் வேஷம் போட்ட மாதிரிதான். புது கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால், வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

* விண்டோஸில் இருக்கும்போதே என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் போட்டு, யூனிகோடாக மாற்றிவிடுங்கள்.
* பேஜ்மேக்கர், கோரல் டிரா ஃபைல்களை பி.டி.எஃப்.-ஆகவும் சேமியுங்கள். இரண்டு மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது.
* டைப் செய்ய, இன்புட் மெத்தட் செட்டிங்கில் ஐபஸ், எம்17என் ஆகியவற்றைச் சேருங்கள். தமிழ்99, டைப்ரைட்டர், போனெடிக் மூன்றும் கிடைக்கும்.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும் (அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்). மின்ட் ஃபைலை டவுன்லோடு செய்து, 'பலேனா எட்சர்' மூலம் அதில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்கு ஏற்ப மாறும்) அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் ஓடும். வைஃபை, சவுண்ட், கேமரா, பிரின்டர் நான்கையும் அப்போதே சோதித்துவிடுங்கள். கேனான் எல்.பி.பி. 2900 போன்ற பழைய பிரின்டர்களுக்குத் தனி டிரைவர் தேடிப் போட வேண்டியிருக்கும்.

முதல் வாரத்தில் குழப்பும் விஷயங்கள்

* சி டிரைவ், டி டிரைவ் கிடையாது. உங்கள் ஃபைல்கள் 'ஹோம்' ஃபோல்டரில் இருக்கும்.
* இ.எக்ஸ்.இ. ஃபைல் நேரடியாக ஓடாது. போனில் ப்ளே ஸ்டோர் மாதிரி, இங்கே 'சாஃப்ட்வேர் மேனேஜர்'.
* ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஒரே பெயரை இரண்டு விதமாக அடித்தால், அவை இரண்டு ஃபைல்கள்.
* பாஸ்வேர்டு கேட்கும் கறுப்புத் திரையில் நீங்கள் அடிப்பது தெரியாமல் போகலாம். கீபோர்டு கெட்டுப்போகவில்லை, அடித்து என்டர் தட்டுங்கள்.
* லிப்ரே ஆபீஸில் வேர்டு ஃபைல் திறக்கும், ஆனால் வரிகள் கொஞ்சம் நகரலாம். வெளியே அனுப்பும்போது பி.டி.எஃப். நல்லது.

யார் அவசரப்படக் கூடாது?

டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். டேலிக்கும் போட்டோஷாப்புக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இவர்களுக்கு 'டூயல் பூட்' பொருந்தும். ஒரே மெஷினில் இரண்டும் இருக்கும். விண்டோஸ் பக்கத்தைத் தொழிலுக்கு மட்டும் திறந்து, பேங்க், மெயில், பிரவுசிங் எல்லாவற்றையும் லினக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால், அதன் ரெகவரி கீயைப் பேப்பரில் எழுதி வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பிள்ளை படிக்க, பாட்டு கேட்க, பில் கட்ட, கடிதம் அடிக்க மட்டும்தான் கம்ப்யூட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென் டிரைவை எடுத்து, பீரோ மேலே இருப்பதை இறக்கித் தூசு தட்டுங்க!