போர்த்துக்கீசியமும் ஸ்காட்டிஷ் இலக்கியமும்: ஓர் இணைப்படிப்பின் நியாயம்

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டிஷ் இலக்கியத்துக்கென 1971இல் தனித்துறை அமைந்தது. அதைப் போர்த்துக்கீசியத்தோடு இணைத்துப் பட்டம் பெறவும் அங்கு வழியுண்டு. இரண்டுமே பெரிய அண்டை நாடுகளின் நிழலில் வளர்ந்த இலக்கியங்கள் என்னும் ஒப்புமையே இவ்விணைப்புக்குப் போதிய காரணம் என்பர் சிலர். போதாது, அந்நிலையில் உள்ள இலக்கியங்கள் உலகில் பல. ஒன்றைக் கல்லாமல் மற்றதைச் சரிவரப் படிக்க முடியாத இடங்கள் இவற்றில் உள்ளன என்பதே வலுவான நியாயம்.

ஸ்காட்லாந்தின் லாங்ஹோம் ஊரினரான வில்லியம் ஜூலியஸ் மிக்கிள், போர்த்துக்கீசியக் கவிஞர் கமோயிஷின் 'லூசியாடுகள்' (1572) காவியத்தை 1776இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த கதை அது. தென்னிந்தியரான நமக்கு அது அயலானதன்று. மூலத்தின் ஒன்பதாம் காண்டத்தில் காமா கடற்போர் எதுவுமின்றியே ஊர் திரும்புகிறார். மிக்கிளோ ஒரு கடற்போரைத் தாமே புனைந்து, ஏறத்தாழ 300 அடிகளை இடைச்செருகலாகச் சேர்த்துவிட்டார். மூலத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு இது கமோயிஷின் போராகவே தோன்றும்.

போர்த்துக்கீசியம் மட்டும் அறிந்தவர் இதை மொழிபெயர்ப்பாளரின் அத்துமீறல் என்று தள்ளிவிடக்கூடும். காரணத்தை அறிய ஸ்காட்லாந்தின் அறிவுலகத்துக்குத்தான் செல்ல வேண்டும். கிளாஸ்கோவில் முன்னர்ப் பேராசிரியராக இருந்த ஆடம் ஸ்மித், அதே 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தனியுரிமையைக் கடுமையாகச் சாடினார். மிக்கிள் கம்பெனியின் பக்கம் நின்றவர். கமோயிஷின் நூலை வணிகத்தின் காவியமாகவே முன்னிறுத்தினார்; கம்பெனியின் பட்டயத்தைப் பறிக்கலாகாது என்று 1779இல் தனிநூலும் எழுதினார். அந்த இடைச்செருகல், கிழக்கில் ஐரோப்பிய வணிக வல்லமையை நிலைநாட்டும் அவரது வாதத்தின் நீட்சி என்றே கொள்கிறேன். செருகலைக் கண்டுபிடிக்க ஒரு துறை வேண்டும், விளக்க இன்னொன்று வேண்டும்.

ஜார்ஜ் புக்கனனும் இவ்வாறே இரு துறைகளுக்கு இடையே சிதறிக் கிடக்கிறார். கோயிம்ப்ரா கலைக்கல்லூரியில் 1547இல் ஆசிரியரான இந்த ஸ்காட்லாந்துப் புலவரை 1550இல் சமய விசாரணை மன்றம் கைது செய்தது. மடத்துச் சிறையிருப்பில் அவர் திருப்பாடல்களை லத்தீன் செய்யுளாக்கினார். லத்தீனில் எழுதியதால் ஆங்கில இலக்கியப் பாடத்தில் அவருக்கு இடமில்லை. போர்த்துக்கல் வரலாற்றிலோ அவர் ஒரு வழக்கின் பெயர் மட்டுமே.

இத்தொடர்பு பழங்கதையும் அன்று. போர்த்துக்கீசியக் கவிஞரும் நெசவுப் பொறியாளருமான மெலோ இ காஸ்த்ரோ, சொற்களின் காட்சி அமைப்பையே பொருளாக்கும் பிரேசிலின் கான்கிரீட் கவிதை பற்றி 1962இல் 'டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்' இதழுக்குக் கடிதம் எழுதினார். கிளாஸ்கோவில் ஆசிரியராக இருந்த கவிஞர் எட்வின் மார்கன் அதைக் கண்டு அவரோடு தொடர்புகொண்டார். மார்கன் வழியே செய்தி ஸ்காட்டிஷ் கவிஞர் இயன் ஹாமில்டன் ஃபின்லேயை எட்டியது. ஸ்காட்டிஷ் கவிதையில் ஒரு புதுப்போக்கு தொடங்கியது.

மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதைக் காட்டி இத்தகைய இணைப்படிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் மூடிவிடக் கூடாது. மூடினால் மிக்கிளின் ஒன்பதாம் காண்டத்தை மூலத்தோடு ஒப்பிட்டு, அதன் அரசியலையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் உருவாக மாட்டார்கள்.