சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி: இரத்தப் பரிசோதனையின் வரலாறு

சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி (பிசிஓஎஸ்) என்பது கருவுறும் வயதுப் பெண்களிடம் காணப்படும் ஹார்மோன் கோளாறும் வளர்சிதைமாற்றக் கோளாறும் சேர்ந்த ஒரு நிலை. மாதவிடாய் தள்ளிப்போதல், முகத்தில் மீசை தாடி போல முடி வளர்தல், முகப்பரு, பின்கழுத்து கருத்துத் தடித்தல், குழந்தைப்பேறு தாமதமாதல் ஆகியன இதன் அறிகுறிகள். பேச்சு வழக்கில் 'நீர்க்கட்டி' என்பர். பெயர் பொருத்தமானதன்று. ஸ்கேனில் தெரிபவை கட்டிகள் அல்ல. முதிராமல் பாதியில் நின்றுபோன கருமுட்டைப் பைகளே. 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோயோ என்று அஞ்சுவோர் பலர். 'உண்டு', 'இல்லை' என்று முடிவாகச் சொல்லும் ஒற்றை இரத்தப் பரிசோதனை இந்நோய்க்கு இன்றுவரை இல்லை.

இரத்தம் பார்க்காத காலம்

1921-இல் பாரிசு மருத்துவர்கள் அஷார், தியர் இருவரும் தாடி வளர்ந்த பெண்களுக்கு நீரிழிவும் இருப்பதைக் குறிப்பிட்டனர். ஆண்தன்மை ஹார்மோனுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்ற குறிப்பு அதிலேயே இருந்தது. ஆனால் அது கவனம் பெற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1935-இல் சிகாகோவின் இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவந்தால் ஆகியோர் மாதவிடாய் நின்றுபோன ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். ஏழு பேருக்கும் சினைப்பைகள் பெருத்திருந்தன. சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தபின் எல்லோருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றனர். நெடுங்காலம் இந்நோய்க்கு அவ்விருவர் பெயரே வழங்கியது. நோயை அறிய அன்று கையாண்ட வழி, வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பது, அல்லது வயிற்றைத் திறந்து பார்ப்பது. ஹார்மோனை இரத்தத்தில் அளக்க வழி இல்லை. அதன் அளவு அவ்வளவு நுண்ணியது.

யாலோ, பெர்சன் கண்ட வழி

அந்த வழியைத் திறந்தவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1950களின் இறுதியில் இன்சுலினை அளக்க அவர்கள் அமைத்த கதிரியக்க நோயெதிர்ப்பு அளவீட்டு முறையை ஒரு பேருந்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இருக்கைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் உள்ளன, அவையே எதிர்ப்பொருள்கள். அடையாளச் சீட்டு அணிந்த பயணிகள் கதிரியக்கம் ஏற்றப்பட்ட இன்சுலின். சீட்டு இல்லாதவர்கள் நோயாளியின் இரத்தத்தில் உள்ள இன்சுலின். சீட்டு இல்லாதவர் கூட்டம் மிகுந்தால், சீட்டு அணிந்தவருக்கு இடம் குறையும். இடம் கிடைத்த சீட்டுக்காரரை எண்ணினால் மற்றவர் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். இம்முறைக்கு இருவரும் காப்புரிமை கோரவில்லை. பெர்சன் 1972-இல் மறைந்தார். 1977-இல் யாலோ நோபல் பரிசு பெற்றார்.

அதன்பின் ஹார்மோன்கள் ஒவ்வொன்றாக அளவுகோலுக்குள் வந்தன. 1970-இல் இந்நோயுள்ள பெண்களுக்கு எல்.எச். ஹார்மோன் மிகுந்தும், எப்.எஸ்.எச். அதற்கேற்ப உயராமலும் இருப்பதை இரத்தத்தில் காட்டினர். இவ்விரண்டின் விகிதமே நோயின் அடையாளம் என்று நெடுநாள் நம்பப்பட்டது. இன்றைய வரையறைகளில் அதற்கு இடமில்லை. 1980-இல் அமெரிக்காவின் டென்னசியைச் சேர்ந்த பர்கன், கிவன்ஸ், கிதாப்சி ஆகியோர் இந்நோயில் இன்சுலின் உயர்வும் ஆண்தன்மை ஹார்மோன் உயர்வும் சேர்ந்தே செல்வதைக் காட்டினர். பாரிசு மருத்துவர்கள் 1921-இல் கண்டது அப்போதுதான் ஆய்வகத்தில் உறுதிப்பட்டது.

அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும்

1990-இன் அமெரிக்க வரையறை, மாதவிடாய்க் கோளாறும் ஆண்தன்மை ஹார்மோன் மிகுதியும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றது. 2003-இல் ராட்டர்டாமில் கூடியவர்கள் ஸ்கேன் தோற்றத்தையும் சேர்த்து, மூன்றில் இரண்டு போதும் என்றனர். 2024-இல் வெளியான இந்திய ஆய்வொன்று 18 முதல் 40 வயதுப் பெண்களிடம் இவற்றைப் பொருத்திப் பார்த்தது. முதல் வரையறையின்படி 7.2 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதின்படி 19.6 விழுக்காட்டினருக்கும் நோய் இருந்தது. பெண்கள் அதே பெண்கள்தாம்.

டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையிலும் இடர் உண்டு. வழக்கமான ஆய்வகக் கருவிகள் பல, ஆண்களின் மிகுந்த அளவை நன்கு காட்டினாலும் பெண்களின் குறைந்த அளவில் தடுமாறுகின்றன. கருத்தடை மாத்திரை உட்கொள்பவர் அதை மூன்று மாதமாவது நிறுத்தியபின்பே இதை அளக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றைப் பார்ப்பது இதே அறிகுறிகளைத் தரும் வேறு நோய்களை விலக்குவதற்கே. 2023-இன் பன்னாட்டு வழிகாட்டுதல், வயதுவந்த பெண்களுக்கு ஸ்கேனுக்கு மாற்றாக ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனையை ஏற்றது. வளரிளம் பெண்களுக்கு அது பொருந்தாது; பூப்பெய்திய எட்டு ஆண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து முடிவு கட்டுவதும் தவறு. பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் தாளை மட்டும் பார்த்து 'நீர்க்கட்டி' என்று பெயர் சூட்டிவிடுவது பிழை என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்க்கரையும் இரண்டு மணி நேரமும்

நோய் உறுதியானவர்களுக்கு அவ்வழிகாட்டுதல் முதன்மையாகக் கூறுவது பழைய, எளிய பரிசோதனைதான்: வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பது. 140 மி.கி.க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 200-ஐத் தொட்டால் நீரிழிவு. ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரையை மீண்டும் பார்க்க வேண்டும். இந்நோயில் இன்சுலினுக்கு முக்கியப் பங்கு உண்டு என்றாலும், இன்சுலின் அளவையே பார்ப்பது வழக்கமான சிகிச்சைக்குத் தேவையில்லை. பெரிய 'பேக்கேஜ்' பரிசோதனைகளில் அதையும் சேர்த்துவிடுவதுண்டு.

சென்னை–கூடூர் இருப்புப்பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் உள்ளது அனுப்பம்பட்டு. அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியோர மீனவர் ஊர்கள். விடியலில் மீன் கூடையுடன் கிளம்பும் பெண்ணுக்கு, வெறும் வயிற்றில் வந்து இரண்டு மணி நேரம் காத்திருப்பது ஒரு நாள் வியாபாரம்.

இதே சிக்கலைச் சென்னை மருத்துவர் வீ. சேஷையா கர்ப்பிணிகளிடம் கண்டார். வெறும் வயிற்றில் மறுநாள் வரச் சொன்னால் பலர் திரும்புவதில்லை. எனவே சாப்பிட்டிருந்தாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை இரத்தம் எடுத்தால் போதும் என்ற முறையை அவர் குழு வகுத்தது. 140-ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு. 2007-இல் தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய ஆணையிட்டது. நீர்க்கட்டி நோய்க்குறி உள்ளவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மாதவிடாய்க் கோளாற்றுக்காக ஒருபோதும் மருத்துவரைப் பார்க்காத பெண்ணின் சர்க்கரையும் அந்த ஒரு குழாய் இரத்தத்தில் தெரியவருகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரைப் பரிசோதனையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. ஆனால் விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பது, குளுக்கோஸ் குடித்தபின் உயரும் சர்க்கரையைக் காட்டாது. இந்நோயுள்ள இளம்பெண்கள் பலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பாகவே இருக்கும். உயர்வு தெரிவது இரண்டாவது மணி நேரத்தில்தான்.