அவசரகாலக் கருத்தடை மாத்திரை: சட்டத்தில் உண்டு, கடையில் இல்லை

பாதுகாப்பற்ற உடலுறவுக்கோ வன்புணர்வுக்கோ பின் கருத்தரிப்பைத் தடுக்க உட்கொள்ளப்படுவது அவசரகாலக் கருத்தடை மாத்திரை. இதிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் (1.5 மி.கி.) கருமுட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது; உருவான கருவைக் கலைப்பதில்லை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக உட்கொள்ளப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும்.

இந்தியாவில் 2005 முதல் இதை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாம். தமிழ்நாட்டிலோ பெரும்பாலான மருந்துக்கடைகள் இதை வைத்திருப்பதில்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் நிலை இன்னும் சிக்கலானது. போக்சோ சட்டம் (2012) அவர்களின் சம்மதத்தை ஏற்பதில்லை. குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. கருக்கலைப்பு நாடும் சிறுமியின் அடையாளத்தை, அவளும் அவளது பாதுகாவலரும் கோரினால், மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. பாதிக்கப்பட்ட சிறுமியிடம் அவசரகாலக் கருத்தடை பற்றிப் பேசுமாறு போக்சோ விதிகளும் (2020) கூறுகின்றன.

கடையில் தாராளமாகக் கிடைத்தால் வன்கொடுமை மறைக்கப்படும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மாத்திரை கிடைக்காததால் வன்கொடுமை குறைவதில்லை. கருவைச் சுமப்பவள் சிறுமியே. நகரத்து வசதி படைத்தவருக்கு மாற்று வழிகள் உண்டு. குன்றாண்டார்கோவில் போன்ற ஊரக ஒன்றியத்தில், கூலி வேலைக்குச் செல்லும் தலித் குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த 72 மணி நேரம் பேருந்துக்கும் பணத்துக்கும் ஊர்வாய்க்கும் இடையே கரைந்துவிடும். எனவே ஆரம்ப சுகாதார நிலையங்களிலேனும் மாத்திரையும் ஆலோசனையும் கேள்வியின்றி, இரகசியம் காத்து வழங்கப்பட வேண்டும்.